சடையனுக்குச் சிக்கெடுத்த மழைக்காலம்

போன வாரம் பதுளையில் எங்கள் மிருக வைத்தியர் எனக்கு ஒரு யோசனை சொன்னார். என் மகளை விட வயது குறைந்தவர். "அன்ட்டி, இந்த வயசுல நீங்க எதுக்குக் குனிஞ்சு குனிஞ்சு சீவிக்கிட்டு இருக்கீங்க? மெஷின வச்சு முழுசா வழிச்சு விட்டுருவோம். ஒரே நாள்ல வேலை முடிஞ்சிரும்" என்றார். மேசைமேல் நின்ற நாய் என் முழங்கைக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டிருந்தது. வேண்டாம் என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும், ஊசி போட வரிசையில் நிற்கும் இடத்தில் சொல்லி முடிக்கிற கதை அல்ல அது.

நாய் என்னுடையதல்ல. மகள் வெளிநாடு போகும்போது விட்டுப்போனது. கண்ணை மறைத்து மயிர் தொங்குகிற, தரையைக் கூட்டிக்கொண்டு நடக்கிற சாதி. மகள் வீடியோவில் கூப்பிட்டால் முதலில் "எங்க அவன், காட்டுங்க" என்பாள். நான் போனைத் தரைக்குப் பக்கத்தில் பிடிப்பேன். அவர்கள் இருவரும் பேசி முடித்த பிறகு என் முறை வரும். உங்களில் பலருக்கும் இப்படித்தான் இருக்கும். பேரப்பிள்ளையோ பூனையோ, ஏதோ ஒன்று நமக்கு முன்னால் நின்றுகொள்ளும். அதில் எனக்குக் கோபமில்லை. வீட்டில் என்னைத் தவிர மூச்சு விடுகிற இன்னொன்று இருப்பது நல்லதுதான்.

காலையில் பின்வாசல் படிக்கு வெயில் வந்ததும் பழைய துவாயை விரித்து அதை உட்கார வைப்பேன். கம்பிப் பிரஷ், அகலப் பல் சீப்பு, நுனி மழுங்கிய கத்தரிக்கோல், கொஞ்சம் தேங்காயெண்ணெய். முதுகு சுலபம், யாரும் சீவிவிடலாம். காதுக்குப் பின்னால், கக்கத்தில், தொடை உள்பக்கத்தில்தான் சிக்கு ஒளிந்திருக்கும். மேலே பார்த்தால் பட்டுப்போல இருக்கும். விரலை விட்டால் உள்ளே கம்பளித் துண்டுபோலக் கெட்டியாக இருக்கும். நுனியிலிருந்து தொடங்க வேண்டும். சிக்குக்கு மேலே, தோலோடு ஒட்டி, மயிரை இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். அப்போது இழுப்பு நம் விரலோடு நின்றுவிடும், அதற்கு வலிக்காது. இதை எனக்குப் போனில் வருகிற படங்கள் கற்றுத் தரவில்லை. என் தலைக்கு அம்மா இப்படித்தான் சிக்கெடுப்பாள்.

மடுல்சீமைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே அப்பா, தோட்டத்தை நிர்வகித்த துரையின் பங்களாவில் சமையல்காரர். கோக்கி என்று கூப்பிடுவார்கள். அம்மா பங்களாத் துணிகளைத் துவைத்தாள். எங்கள் வீடு கொழுந்து பறிப்பவர்களின் வரிசை வீடுகளான லயத்தில் இல்லை. பங்களாவின் பின்னால், ஒரு காலத்தில் குதிரை கட்டிய கொட்டிலுக்குப் பக்கத்தில், இரண்டு அறை. லயத்துப் பிள்ளைகள் என்னைப் 'பங்களாக்காரி' என்பார்கள். உண்மையான பங்களாப் பிள்ளைகள் இருவரும் காரில் வருவார்கள், காரில் போவார்கள். கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு வெள்ளைச் சட்டைகளாகத்தான் எனக்கு ஞாபகம். நான் கீழேயும் இல்லை, மேலேயும் இல்லை. எனக்குக் கூடப்பிறந்தவர்களும் இல்லை. அதனால் எனக்கு அம்மா வேண்டியிருந்தது, மற்றப் பிள்ளைகளுக்கு வேண்டியிருந்ததைவிடக் கொஞ்சம் அதிகமாகவே.

அம்மாவுக்கு இருமல் இருந்தது. கொடியில் துணி போடும்போது வந்தால், ஈரத் துணியையே வாயில் அழுத்தி அடக்கிக்கொள்வாள், உள்ளே கேட்கக்கூடாது என்று. அவள் ஏதோ விளையாடுகிறாள் என்று நினைத்து நானும் ஒரு துணியை வாயில் வைத்துக்கொள்வேன்.

தைப்பொங்கல் கழிந்து, மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு காலையில் எழுந்தபோது அம்மா இல்லை. அப்பா அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்தார்.

"அம்மா எங்க?"

"இந்தியாவுக்குப் போயிருக்கா. ஒங்க மாமா வீட்டுக்கு."

"எப்ப வரும்?"

"வருவா."

"என்னைய ஏன் கூட்டிக்கிட்டுப் போகல?"

அப்பா ரொட்டியைத் திருப்பிப் போட்டார். "சூடா இருக்கு. சாப்பிடு" என்றார்.

இந்தியா என்ற சொல் அந்த நாட்களில் நம் தோட்டங்களில் எப்படி ஒலித்தது என்று உங்களுக்குத் தெரியும். பிற்பாடு பிறந்தவர்களுக்காகச் சொல்கிறேன். இலங்கை, இந்தியா என்று இரண்டு அரசாங்கங்கள் பேசி முடித்து, இத்தனை பேர் அங்கே, இத்தனை பேர் இங்கே என்று பிரித்துக்கொண்டிருந்தார்கள். லயத்தில் ஒவ்வொரு கதவாகப் பூட்டிக்கொண்டு வந்தது. பெட்டிகளில் பெயர் எழுதுவார்கள். ஆட்டையும் கோழியையும் பக்கத்து வீட்டில் ஒப்படைப்பார்கள். லொறியில் பதுளை ரயிலடிக்குப் போவார்கள். ஒருமுறை அம்மாவோடு நானும் போயிருக்கிறேன். வண்டி நகரும்போது மேடையில் எழுந்த ஓலம் இழவு வீட்டில்கூடக் கேட்டதில்லை. அப்படிப் போனவர்களில் ஒருவர்கூடத் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. என் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் போனாள். எதிர் லயத்துப் பெரியம்மா போனாள். இப்போது அம்மா.

அம்மாவின் தகரப்பெட்டி கட்டிலுக்கடியிலேயே இருந்தது. திறந்து பார்த்தேன். கல்யாணச் சேலை இருந்தது. கொம்புச் சீப்பு இருந்தது, அதன் பற்களுக்கிடையில் எங்கள் இருவர் மயிரும் கலந்து இருந்தது. பெரிய ஆளாக இருந்திருந்தால், பெட்டியை விட்டுப் போனவள் தூரம் போகவில்லை என்று கணக்குப் போட்டிருப்பேன். எனக்கு அப்போது எட்டோ ஒன்பதோ. நான் போட்ட கணக்கு வேறு. இங்கே உள்ளது எதுவும் வேண்டாம் என்று போயிருக்கிறாள். பெட்டியும் வேண்டாம், சீப்பும் வேண்டாம், நானும் வேண்டாம்.

யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் அது நிச்சயமாகிவிடும் என்று பயம்.

அப்பாவுக்குத் துரைமார் சாப்பிடுகிற எல்லாம் சமைக்கத் தெரியும். பின்னல் போடத் தெரியாது. முதல் வாரம் ஒரு நாடாவால் என் தலைமயிரைக் கட்டிவிட்டார். பிறகு அதுவும் இல்லை. என் தலை தானாகச் சடை பிடித்தது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்து வாத்தியார் என் தலையில் பேன் ஓடுவதைப் பார்த்துவிட்டு என்னைத் தனி வாங்கில் உட்கார வைத்தார். மறுநாள் அப்பாவுக்குச் சொல்லி அனுப்பினார். அப்பா என்னை லயத்துக்குக் கீழே முடி வெட்டுகிறவரிடம் கூட்டிப்போனார். "ஒட்ட எடுத்துருங்க" என்றார். அப்பாவுக்கு அது புத்திசாலித்தனமான முடிவு. பேனும் போகும், சீவுகிற வேலையும் போகும். குளிர்ந்த கத்தி பின்கழுத்திலிருந்து மேலே ஏறியது இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. அம்மாவின் கை பட்ட மயிர் எல்லாம் தரையில் விரித்த சாக்கின்மேல் கிடந்தது.

"யாருக்குடி நேத்திக்கடன்?" என்று லயத்துப் பிள்ளைகள் கேட்டார்கள். நான் பள்ளிக்கூடம் போவதை நிறுத்தினேன். அப்பா வற்புறுத்தவில்லை. தலை வளர்ந்த பிறகு போகட்டும் என்று நினைத்தாரோ என்னவோ.

அந்த மாதமே பங்களாவும் காலியானது. துரையின் மனைவி, துரைசானி, பிள்ளைகளைக் கொழும்புப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கேயே அவள் தாய்வீட்டில் தங்கிவிட்டாள். அந்த வீட்டில் நாய்க்கு இடமில்லை. நாய் இங்கே துரையோடு நின்றது.

அதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தேயிலைச் சாயம்போலப் பழுப்பும் வெள்ளையுமாக, நெற்றியிலிருந்து தாடிவரை மயிர் தொங்கும். துரைசானி அதற்கு இங்கிலீசில் ஏதோ பெயர் வைத்திருந்தாள். எங்கள் வாயில் அது நுழையவில்லை. அப்பா சடையன் என்றார். எல்லோரும் சடையன் என்றார்கள். முன்பெல்லாம் பின்னேரங்களில் துரைசானி முன்வராந்தாவில் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து அதைச் சீவுவாள். நான் குரோட்டன் செடிக்குப் பின்னால் நின்று பார்ப்பேன். அவள் சீவச் சீவ அது கண்ணை மூடிக்கொள்ளும்.

அவள் போன பிறகு யாரும் சீவவில்லை. துரை காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்குப் போனால் இருட்டும்போதுதான் வருவார். வந்து தனியாகச் சாப்பிடுவார். நீண்ட மேசையின் ஒரு மூலையில் அவருக்கு மட்டும் ஒரு தட்டு. அப்பா தினமும் அந்தத் தட்டை நடுவில் வைப்பார். அவர் மூலைக்கு இழுத்துக்கொள்வார். நாய் மழையில் நனைந்து, தேயிலைக்குள் புகுந்து, பத்தனைப் புல்வெளியில் புரண்டுவிட்டு வரும். ஒட்டுப்புல்லும் சேறும் அதன் மயிரில் ஒட்டிக் காய்ந்தன. விரலிடுக்கில் அட்டை. காதுக்குப் பின்னால் கோழி முட்டை அளவுக்கு ஒரு முடிச்சு. பிறகு அது யாரையும் கிட்டே விடவில்லை. சுவரோடு ஒட்டி நடந்தது, கதவு நிலையில் முட்டியது, பெயர் சொன்னால் உறுமியது.

ஒரு நாள் பூக்கன்று வேலை பார்க்கிறவர் அதைப் பாத்தியிலிருந்து விரட்ட, முன்னங்காலுக்கு அடியில் கைகொடுத்துத் தூக்கினார். அது திரும்பி அவர் மணிக்கட்டைக் கடித்துவிட்டது.

அவ்வளவுதான், பேச்சு பரவிவிட்டது. வெறி. கண் தெரியவில்லை, முட்டுகிறது, வாயில் நீர் வடிகிறது, சொந்த ஆளையே கடிக்கிறது. வேறு என்ன அத்தாட்சி வேண்டும். தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிஸ்பென்சர் ஐயா வந்து, கடிபட்டவருக்கு ஊசி போடப் பதுளைக்கு அனுப்பினார். நாயைக் குதிரைக் கொட்டிலில் போட்டு அடைத்துவையுங்கள், தண்ணீர் குடிக்கிறதா பாருங்கள் என்றார். துரை கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு காவல் பார்க்கிற வாச்சரைக் கூப்பிட்டு, "மோசமாச்சுன்னா சொல்லு. துவக்கு கொண்டா" என்றார். வாச்சரிடம் பன்றி விரட்டுகிற துவக்கு இருந்தது.

"அந்தப் பக்கமே போகக்கூடாது, கேட்டியா?" என்றார் அப்பா. "மூச்சுக்காத்து பட்டாலே வெறி புடிச்சிரும்."

நான் தலையை ஆட்டினேன். ஆனால் எங்கள் படுக்கையறைச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் கொட்டில். பகல் முழுக்க நான் தனியாக இந்தப் பக்கம். அது தனியாக அந்தப் பக்கம். அது ஊளையிடவில்லை, குரைக்கவும் இல்லை. கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை, படுக்கிற இடத்தை மாற்றும்போது, 'ம்' என்று ஒரு சின்னச் சத்தம். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். சிக்கில் சீப்பு மாட்டினால் நான் போடுகிற சத்தம்.

சுவரில் ஒரு பலகை கழன்றிருந்தது. அதன் வழியே முதலில் தண்ணீர்க் கிண்ணத்தைத் தள்ளினேன். குடித்தது. மறுநாள் நானே உள்ளே போனேன். தைரியம் என்று நினைக்காதீர்கள். வெறி பிடித்தால் செத்துவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். செத்தால் அம்மாவுக்குத் தந்தி அடிப்பார்கள், தந்தி வந்தால் கப்பலேறி வருவாள் என்றும் ஒரு யோசனை இருந்தது. இதை நான் என் மகளிடம்கூடச் சொன்னதில்லை.

நாய் மூலைக்குப் போய் உறுமியது. நான் சாணம் காய்ந்த தரையில் உட்கார்ந்தேன். வெகுநேரம் இரண்டு பேரும் ஒன்றும் செய்யவில்லை. மழை தகரத்தில் கொட்டியது. பிறகு அது என் மொட்டைத் தலையை மோந்து பார்க்க வந்தது. அப்பா தடவியிருந்த வேப்பெண்ணெய் வாசனை பிடித்ததோ என்னவோ, கழுத்திலிருந்து உச்சிவரை நக்கியது. அம்மா போன பிறகு என் தலையை அன்போடு தொட்டது அதுதான் முதல்.

அம்மாவின் கொம்புச் சீப்பை எடுத்துவந்தேன். குசினியிலிருந்து தேங்காயெண்ணெயும், அப்பா கோழி வெட்டுகிற கத்தரிக்கோலும். முதலில் முகம். கண்ணுக்கு மேல் தொங்கியதை எண்ணெய் தொட்டுப் பிரித்து, பீளையோடு ஒட்டிக்கிடந்ததை வெட்டினேன். உள்ளேயிருந்து இரண்டு கண்கள் வெளியே வந்தன. பழுப்புக் கண்கள், நல்ல கண்கள். அது என்னை நேராகப் பார்த்தது. கண் தெரியாமல் முட்டியது நோயினால் அல்ல. முகத்தில் மயிர் ஒரு கதவுபோல மூடிக்கிடந்தது, அவ்வளவே.

பிறகு காது. நுனியிலிருந்து, சிக்கைக் கீறிக் கீறி, கொஞ்சம் கொஞ்சமாக. ஒரு பகலுக்கு ஒரு முடிச்சு. அது பொறுமை இழந்தால் என் கையை வாயில் கவ்வும், பல் பதியாமல். அப்போது நிறுத்திவிடுவேன். காதின் முடிச்சு அவிழ்ந்ததும் அது தலையை உதறிய உதறலில் உண்ணிகள் சுவரில் தெறித்தன. அவற்றைக் குச்சியால் நசுக்கினேன். முன்னங்காலுக்கு அடியில் கை வைத்தபோதுதான் காரணம் தெரிந்தது. கக்கத்து மயிர் முழுவதும் ஒரே பலகையாகி, கால் நகரும்போதெல்லாம் தோலைக் கிழித்துக்கொண்டிருந்தது. அதற்குள்ளே ஊசிப்புல் ஒன்று சதைக்குள் ஏறிச் சீழ் வைத்திருந்தது. அந்த இடத்தில்தான் பூக்கன்றுக்காரர் பிடித்துத் தூக்கியிருக்கிறார். நானாக இருந்தாலும் கடித்திருப்பேன்.

அந்தப் பகல்களில் நான் அதனோடு பேசினேன். அம்மா எனக்குச் சொல்வதையே சொன்னேன். "கொஞ்சம் பொறு தங்கம். இந்தா ஆச்சு. இது ஒண்ணுதான்." அந்தச் சொற்களை வேறு ஒருவர் வாயால் கேட்க முடியாததால், என் வாயாலேயே கேட்டுக்கொண்டேன் என்று இப்போது தோன்றுகிறது.

நாய் தண்ணீர் குடிப்பதை யாரும் பார்க்கவில்லை. கதவைத் திறக்கப் பயந்து, வாச்சர் கிண்ணத்தைக் கதவுக்குக் கீழே தள்ளிவிட்டுப் போவார். நான் வைத்ததை அது குடித்துவிட்டதால், அவர் வைத்தது அப்படியே கிடக்கும். தண்ணீர் தொடவில்லை என்று அவர் துரையிடம் சொன்னார். தண்ணீருக்குப் பயப்பட்டால் வெறிதான் என்று டிஸ்பென்சர் ஐயா சொல்லிவிட்டார்.

துரை வந்தபோது நான் உள்ளே இருந்தேன். கதவு திறந்ததும் வெளிச்சம் கண்ணைக் கூசியது. துரையின் நீண்ட மழைக்கோட்டு. அவருக்குப் பின்னால் துவக்கோடு வாச்சர். நாய் என் மடியில் படுத்திருந்தது. ஒரு பக்கம் சீவி முடிந்து மினுங்கியது. மறு பக்கம் சேறும் முடிச்சுமாகக் கிடந்தது.

"ஏய் புள்ள. மெதுவா எழும்பி வா" என்றார் துரை. அவர் சிங்களவர், தோட்டத்தில் வளர்ந்த தமிழ் பேசுவார். "அது கடிக்கும்."

"கடிக்காது துரை. இந்தக் கை அடியில தொட்டாத்தான் கத்தும். புண்ணு."

"தண்ணி குடிக்குறதில்லை."

"குடிக்குது. நான் வச்சா குடிக்குது."

வாச்சர் கொண்டுவந்த கிண்ணத்தை இழுத்து அதன் முன்னால் வைத்தேன். நாய் குடிக்கவில்லை. தாகம் இல்லையே, அது என்ன செய்யும். எண்ணெய் படிந்த விரலைத் தண்ணீரில் நனைத்து அதன் மூக்கில் வைத்தேன். நக்கியது. மறுபடி நனைத்தேன், மறுபடி நக்கியது. பிறகு என் கையைத் தேடிக் கிண்ணத்துக்குள்ளேயே வாயை விட்டுச் சளக் சளக்கென்று குடிக்கத் தொடங்கியது.

துரை வாச்சரைப் போகச் சொன்னார். அவர் போன பிறகும் துரை நின்றார். பிறகு மழைக்கோட்டோடு தரையில் உட்கார்ந்தார். ஒரு துரை தரையில் உட்கார்ந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நாய் எழுந்துபோய் அவர் பூட்சில் தலையை வைத்தது. அவர் அதன் காதைப் புரட்டிப் பார்த்தார்.

"நோனா போன பொறகு நான் இத ஒழுங்கா பாக்கவே இல்ல" என்றார். துரைசானியைத்தான் அவர் நோனா என்பார். என்னிடம் சொன்னதுபோல இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து, "எப்பிடிப் பிடிக்கணும்?" என்று கேட்டார். வேரோடு பிடிக்கச் சொன்னேன். அவர் பிடித்துக்கொண்டார். நான் சீவினேன்.

அன்றைக்கு மாலை அப்பா என்னை அடித்தார். அதுவரை அடித்ததே இல்லை. ஒரே அடி, கன்னத்தில்.

"ஒனக்கு ஒண்ணு ஆயிருந்தா ஒங்கம்மா வந்து கேட்கையில நான் என்னா சொல்லுவேன்?"

"அம்மாதான் வராதே" என்றேன்.

அப்பா என்னைப் பார்த்தார். வாய் திறந்தது. அந்த இடத்தில் அவர் சொல்லியிருக்கலாம். சொல்ல வந்தார் என்றே நினைக்கிறேன். ஆனால் பங்களாவிலிருந்து மணி அடித்தது. "வருவா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அவர் என்ன நினைத்தார் என்பது எனக்கு இப்போது விளங்குகிறது. அம்மாவுக்கு நெஞ்சு நோய். கொழும்புப் பக்கத்தில் அதற்கென்றே இருந்த ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார். பொண்டாட்டிக்குக் காசநோய் என்று தெரிந்தால், துரைக்குச் சமைக்கிற கையை யார் விட்டுவைப்பார்கள். வேலையோடு வீடும் போகும். சின்னப் பிள்ளை வாயில் ரகசியம் நிற்காது. அதனால் இந்தியா. ஊரே போகிற இடம், யாரும் துருவிக் கேட்கமாட்டார்கள். ஆனால் அம்மாவை அந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்ப டிஸ்பென்சர் ஐயா ஏற்பாடு செய்தபோதே, துரை அதற்குக் கையெழுத்து வைத்திருந்தார். எல்லாம் தெரிந்துதான், அப்பா சமைத்ததைத் துரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கோக்கி தானாகச் சொல்லாததை நாம் எதற்குக் கேட்க வேண்டும் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். ஒரே கூரைக்குக் கீழே இரண்டு ஆண்கள், ஒருவருக்கொருவர் மரியாதைக்காக வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். நடுவில் நான்.

மாசியும் பங்குனியும் சடையனோடு போயின. அதை வெளியே விட்டார்கள். புண் ஆறியது. வெட்டிய இடங்களில் மயிர் ஏறுமாறாக வளர்ந்தது. என் தலையும் அதேபோல முள்ளாக வளர்ந்தது. தினமும் அதைச் சீவினேன், சீவ ஒன்றும் இல்லாத நாளிலும். சீவும் நேரம் மட்டும் எனக்கு நன்றாக இருக்கும். சீப்பைக் கீழே வைத்ததும் பின்னேரம் தொடங்கும். பங்களாவில் ஒரு விளக்கு, எங்கள் வீட்டில் ஒரு விளக்கு, கீழே லயத்தில் முன்னைவிடக் குறைந்த விளக்குகள்.

சித்திரை விடுமுறைக்குத் துரைசானி வந்தாள். காரிலிருந்து இறங்கியதும் நாயைக் கண்டு அப்படியே நின்றுவிட்டாள். ஒரு பக்கம் நீளம், ஒரு பக்கம் குட்டை, காதில் ஒரு கடி கடித்ததுபோல வெட்டு.

"யார் இத இப்பிடி நாசமாக்கினது?" என்று கேட்டாள். கண்ணீர் வந்துவிட்டது அவளுக்கு. முழங்காலில் உட்கார்ந்து அதைக் கட்டிக்கொண்டாள்.

துரை என் பக்கம் திரும்பவில்லை. "நான்தான் வெட்டினேன்" என்றார்.

அவள் அவரோடு அன்று முழுவதும் பேசவில்லை. போகும்போது நாயைக் கூட்டிப்போவதாகச் சொல்லிவிட்டாள். இனி இங்கே விட்டு வைக்கமாட்டாளாம். அவள் கெட்டவள் அல்ல. நாயின்மேல் உயிராகத்தான் இருந்தாள். அது சாவுக்கு எவ்வளவு பக்கத்தில் போய் வந்தது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். நாய்க்காக ஒரு பிரம்புக் கூடை காருக்குள் இருந்தது. யாரும் பார்க்காத நேரத்தில் அதன் துணிக்கடியில் அம்மாவின் கொம்புச் சீப்பை வைத்தேன். அந்தச் சீப்புக்குத்தான் அது பழகியிருந்தது. அம்மாவுக்கு இனி அது தேவைப்படாது என்றும் நினைத்தேன். கார் வளைவு திரும்பும்போது சடையன் பின்கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்தது. கண் நன்றாகத் தெரிந்தது அதற்கு.

அதற்குப் பிறகு வந்த வாரங்களைப்பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பள்ளிக்கூடம் திரும்பப் போனேன். பக்கத்து இடம் காலியாகவே இருந்தது. மழை முழுவதும் நின்று, கச்சான் காற்று தொடங்கி, பத்தனைப் புல் காய்ந்து மஞ்சளானது.

ஆனி மாதம். குசினிப் படியில் உட்கார்ந்து போஞ்சிக்கு நார் எடுத்துக்கொண்டிருந்தேன். கீழ்ப்பாதையில் ஒரு பெண் துணிப்பையோடு ஏறி வந்தாள். வளைவுக்கு வளைவு நின்று, மூச்சு வாங்கி, மறுபடி ஏறினாள். முற்றத்துக்கு வந்த பிறகுதான் எனக்கு அடையாளம் தெரிந்தது. அம்மா சதை போட்டிருந்தாள். கன்னம் நிரம்பி, தோல் வெளுத்து, வேறு யாரோபோல இருந்தாள்.

"புள்ள" என்றாள்.

நான் எழுந்திருக்கவில்லை. தட்டு மடியில் இருந்தது. இத்தனை மாதம் அவளிடம் கேட்க எத்தனையோ சேர்த்து வைத்திருந்தேன். வாயில் வந்தது இதுதான்.

"இந்தியாவுல நல்ல சாப்பாடா?"

"எந்த இந்தியா?"

"நீ போன இந்தியா. மாமா வீடு."

அம்மா பையைக் கீழே வைத்தாள். குசினி வாசலில் அப்பா கரண்டியோடு வந்து நின்றிருந்தார். அவள் அவரைப் பார்த்தாள்.

"புள்ளகிட்ட என்னா சொல்லி வச்சிருக்கீங்க?"

"நோயின்னு சொன்னா வெளிய போய் சொல்லிரும்னு நெனச்சேன்." அப்பாவின் குரல் இறங்கியிருந்தது. "அதுக்காகச் செத்துப் போச்சுன்னா சொன்னேன்? இந்தியாவுக்குப் போயிருக்கான்னுதானே சொன்னேன்."

அம்மா திரும்பி, கீழே லயத்தைப் பார்த்தாள். கதவு பூட்டிய வீடுகளைப் பார்த்தாள்.

"இங்க இருக்கிறவங்களுக்கு அது ரெண்டும் ஒண்ணுதானங்க" என்றாள்.

அப்பா கரண்டியோடு உள்ளே போய்விட்டார். அடுப்பில் ஏதோ தீயும் வாசனை வந்தது. சட்டியை இறக்குகிற சத்தம் கேட்கவில்லை.

அம்மா படிக்கு வந்தாள். என்னிடமிருந்து தள்ளி, அந்த ஓரத்தில் உட்கார்ந்தாள். கையை மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

"இனிமே பக்கத்துல வரலாம்னு டாக்டர் சொல்லிட்டாரு" என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை.

நான் போஞ்சித் தட்டை மடியிலிருந்து இறக்கிக் கீழே வைத்தேன்.